மூளைப் படம் எடுத்துக்கொண்ட இரண்டு அம்மாக்கள்

சின்னவளே, இதை முதலில் உனக்காகத்தான் எழுதுகிறேன். பெரியவனுக்கும் நடுவுள்ளவளுக்கும் பாதி தெரியும், அவர்கள் அப்போது வீட்டில் இருந்தார்கள். நாங்கள் பிரிக்பீல்ட்ஸில், நீ கிள்ளானில் பெரியம்மா வீட்டில். பள்ளிக்கூடம் போகும் வயதுவரை உனக்கு இரண்டு அம்மாக்கள். கிள்ளான் அம்மா, பிரிக்பீல்ட்ஸ் அம்மா என்று ஊரின் பெயரை வைத்தே கூப்பிடுவாய். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். உங்கள் அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு சமையலறைக்குள் போய்விடுவாள்.

எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா என்னைப் பாவம்னு மட்டும் எழுதாதீங்க" என்றாள். அதனால் அந்த வார்த்தையைத் தொடாமல் எழுதப் பார்க்கிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு ரயில்வே பட்டறையில் இரும்போடுதான் பேச்சுவார்த்தை. மூளையைப் பற்றி நான் எழுதுவதில் ஏதாவது தப்பிருந்தால் அது டாக்டர் சொன்னதில் இருந்த தப்பு இல்லை, எனக்கு விளங்கியதில் உள்ள தப்பு.

நீ பிறந்த கொஞ்ச நாளில் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. உனக்குப் பால் கொடுக்க மாட்டேன் என்றாள், பாலில் யாரோ ஏதோ கலந்துவிட்டதாகச் சொன்னாள். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பற்றியே வாசிக்கிறார் என்றாள். ஒருநாள் காலையில் தாலியைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டாள். "இது ஓயாம பேசுதுங்க, காது வலிக்குது" என்றாள். சொந்தக்காரர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். தாலியைக் கழற்றினாளாமே, அப்படியானால் அது அவள் இல்லை, அவளுக்குள் வந்திருப்பது வேறு யாரோ என்றார்கள். செமினி பக்கம் ஒரு தோட்டத்துப் பூசாரியிடம் போனோம். பிறகு கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், ஓதிப் பார்க்கிற ஒரு போமோவிடம் போனோம். அவர் தண்ணீர் ஓதிக் கொடுத்து, "ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோ" என்று மலாயில் சொன்னார். அந்தப் புண்ணியவானுக்கும் ஒரு நன்றி.

ஆஸ்பத்திரி மருந்துக்கு நோய் கேட்டது. மாதத்துக்கு ஒரு ஊசி, தினமும் மாத்திரை. காதில் கேட்ட பேச்சு மெல்ல மெல்லத் தூரம் போனது. முழுக்கப் போகவில்லை. "பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்" என்பாள். அரிசி டின்னிலிருந்து எடுத்த தாலியை மறுபடி போட்டுக்கொண்ட நாளில், இனி சாகிறவரை கழற்ற மாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் சொன்னாள்.

உன்னைப் பெரியம்மா கிள்ளானுக்கு எடுத்துப்போனது அந்தக் கெட்ட நாட்களில்தான். அவருக்குப் பிள்ளை இல்லை. பால்புட்டியையும் துணிமணியையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டு, உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "நல்லாகட்டும், அப்புறம் கொண்டாந்து விடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இல்லாவிட்டால் உன் கதை எப்படி ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயம். இந்தக் கதையில் பெரியம்மா மேல் உனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று வரும். அப்போது இந்தக் கூடையை நினைத்துக்கொள்.

அம்மாவுக்கு நல்லானது. நீ வரவில்லை. நல்லாகிவிட்டது என்று யார் சொல்வது? அங்கேதான் சிக்கல். இவள் சிரித்தால், "மருந்துல சிரிக்கிறா" என்றார்கள். இவள் அழுதால், "மறுபடி ஆரம்பிச்சிருச்சி" என்றார்கள். கறியில் உப்பு கூடினாலும் என்னைத்தான் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். இவளிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். "சாப்பிட்டாளா? தூங்குறாளா?" இவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

இப்படியே வருடங்கள் ஓடி, உன்னை ஒன்றாம் வகுப்புக்குப் பதிய வேண்டிய வருடம் வந்துவிட்டது. கிள்ளான் தமிழ்ப்பள்ளியிலா, பிரிக்பீல்ட்ஸிலா? கிள்ளானில் பதிந்துவிட்டால் இன்னொரு ஆறு வருடம் நீ அங்கேதான். அதற்குப் பிறகு உன்னை யார் கேட்க முடியும், எந்த முகத்தோடு கேட்பது? அம்மா உனக்கென்று பள்ளிச் சீருடைக்கு நீலப் பாவாடைத் துணி வாங்கி, தைக்காமல் பீரோவில் வைத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் வந்தார்.

அம்மாவுக்கு ஊசி போடும் கிளினிக்கில் வெளியே நீள பெஞ்சுகள் இருக்கும். அன்றைக்குப் பெரியம்மாவும் பெரியப்பாவும் எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். பெரியப்பாவின் பழைய டட்சனில் எல்லாரும் சேர்ந்து போயிருந்தோம். நீ பக்கத்து வீட்டு ஆன்டியிடம் இருந்தாய். ஒரு சின்ன உருவமுள்ள பெண், வெள்ளைக் கோட்டு இல்லாமல், கைத்தறிச் சேலையில் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். ஊசிக்குக் காத்திருக்கிறவர் என்றுதான் நினைத்தேன். யாழ்ப்பாணத்துப் பக்கத்துப் பேச்சு. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், இந்த மாதிரி நோய் உள்ளவர்களின் மூளையைப் படம் எடுத்து ஆராய்ச்சி செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது.

"அக்கா, ஒரு பெரிய மெசின் வந்திருக்கு. காந்தத்தால மூளையைப் படம் எடுக்கும். கத்தி இல்லை, ஊசி இல்லை. அதுக்குள்ள கொஞ்ச நேரம் ஆடாமப் படுத்திருக்க வேணும். உங்களுக்கு அதால ஒரு நன்மையும் இல்லை, அதை முதல்லயே சொல்லிப் போடுறன். பின்னால வாற ஆக்களுக்கு உதவலாம். உங்களுக்கு விருப்பமோ?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். துறைமுகத்தில் ஆள் நடத்துகிறவர் அவர், எங்கே போனாலும் குரல் முன்னால் போகும். "எடுங்க டாக்டர், தாராளமா எடுங்க! நாங்க இருக்கோம்ல."

டாக்டர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "உங்களிட்டக் கேக்கேல்லை அங்கிள். அக்காவிட்டத்தான் கேட்டனான்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் அவளுக்காகப் பதில் சொல்லியே பழகிவிட்டிருந்தோம். அம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேணாம்" என்றாள்.

"சரி அக்கா. நன்றி" என்றார் டாக்டர். எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான்.

வண்டியில் பெரியப்பா கத்திக்கொண்டே வந்தார். "டாக்டர்கிட்டப் போயி வேணாம்னு சொல்லுவாங்களா? இனிமே மருந்து குடுப்பாங்களா லா? சகலை, நீயாச்சும் சொல்லப்படாதா?" அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். தான் சொன்ன ஒரு வார்த்தை சொன்ன மாதிரியே நடந்தது, பல வருடங்களில் அன்றைக்குத்தான்.

அடுத்த மாதம் போனபோது மருந்து வழக்கம்போல் கிடைத்தது. டாக்டர் அந்தப் பக்கம் போனார், "சுகமே அக்கா?" என்று கேட்டார், படத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அம்மா அதைக் கவனித்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் பெரியப்பாவுக்குப் படம் என்ற வார்த்தை மனதில் தங்கிவிட்டது. உன்னைப் பள்ளியில் பதியும் பேச்சு வந்தபோது, கிள்ளான் வீட்டில் வாழை இலையில் சாப்பாடு போட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் சொன்னார். "ஒரே வழிதான் இருக்கு. அந்த மெசின்ல படம் எடுக்கட்டும். ரிசல்ட் வரட்டும். மூளை நல்லா இருக்குன்னு வந்தா, பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போங்க, நானே வண்டில கொண்டாந்து விடுறேன். இல்லைன்னா பேசாம இங்கயே படிக்கட்டும்."

பரீட்சை ரிசல்ட் மாதிரி நினைத்தார். தேறினால் பிள்ளை, தேறாவிட்டால் இல்லை. சிரிக்காதே, எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யாரும் யார் பேச்சையும் நம்பாத இடத்தில், மெசின் பொய் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை. பெரியம்மா உன்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ரசச் சோறு பிசைந்து ஊட்டினார்.

அடுத்த ஊசி நாளில் அம்மா தானே டாக்டரைத் தேடிப் போனாள். நான் பின்னால் போனேன்.

"டாக்டர், நான் படுக்கிறேன். படம் எடுங்க."

டாக்டருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கேட்டார். "ஏன் அக்கா மனசை மாத்தினீங்கள்?"

அம்மா சொன்னாள். பள்ளிக்கூடம், பெரியப்பா சொன்ன ரிசல்ட், எல்லாம். டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"அப்பிடியெண்டா நான் எடுக்க மாட்டன்."

அம்மா அந்த இடத்திலேயே நின்றாள். நான்கூட நினைத்தேன், என்னடா இது, வேண்டாம் என்றபோது சரி என்கிறார்கள், சரி என்றால் மாட்டேன் என்கிறார்கள்.

"கோவிக்காதேங்கோ. இந்தப் படத்தில அப்பிடி ஒண்டும் தெரியாது. கட்டி கிட்டி இருந்தாத் தெரியும். ஆனா உங்கட வருத்தம், இந்த நோய், ஒரு ஆளின்ர படத்தைப் பாத்துச் சொல்லக்கூடியது இல்லை. நான் நிறையப் பேரின்ர படத்தை எடுத்து, ஒண்டாச் சேத்து, கணக்குப் போட்டுத்தான் ஏதாவது சின்ன வித்தியாசம் இருக்கோ எண்டு தேடுறன். ஒரு தாய் பிள்ளையைப் பாப்பாவோ மாட்டாவோ எண்டு காட்டுற படம் உலகத்தில எங்கயும் இல்லை அக்கா. நான் எடுத்தா, எடுக்கிறதே பொய்யாப் போயிடும்."

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். டாக்டரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கட அக்காவோட நான் கதைக்கலாமோ? உங்களுக்குச் சம்மதமெண்டா மட்டும்" என்றார். அம்மா தலையை ஆட்டினாள்.

பெரியம்மா வந்தார், பெரியப்பாவும் வந்தார். டாக்டர் எங்களிடம் சொன்னதை அவர்களிடமும் சொன்னார். பெரியப்பா நம்பவில்லை. டாக்டர் எழுந்து போய் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது என் காதில், "நம்மகிட்ட மறைக்கிறாங்க சகலை" என்றார். பெரியம்மாதான் நேராகக் கேட்டார். "மூளையில நோய்ங்கிறீங்க. அப்ப மூளையைப் படம் பிடிச்சா தெரியணும்ல?"

"நியாயமான கேள்வி" என்றார் டாக்டர். தன் ஆராய்ச்சியில் நோயுள்ளவர்களின் கூடப்பிறந்தவர்களையும், நோய் இல்லாதவர்களாகப் பார்த்து, படம் எடுப்பதாகச் சொன்னார். ஒரே வயிற்றில் பிறந்து ஒருவருக்கு வந்தது மற்றவருக்கு ஏன் வரவில்லை என்று தேடுகிறாராம். "விரும்பினா நீங்களும் படுக்கலாம். ஆனா பிள்ளையின்ர விஷயத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை நீங்கள் எல்லாரும் இஞ்ச வைச்சு எனக்குச் சொல்ல வேணும்."

"சம்பந்தம் இல்லை" என்று பெரியம்மா சொன்னார். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, இல்லைன்னே வச்சிக்குவோம்" என்றார்.

"வைச்சுக்கொள்ளேலாது அங்கிள்."

"இல்லை டாக்டர். இல்லை. போதுமா?"

டாக்டர் அதோடு விடவில்லை. வீட்டுக்குப் போய் யோசிக்கச் சொன்னார். யோசிக்கும்போது கேட்க ஒரு கேசட்டும் கொடுத்தார். அந்த மெசின் போடும் சத்தத்தைப் பதிந்து வைத்திருந்தார். இல்லாத சத்தம் காதில் கேட்கிறவர்களை, சொல்லாமல் கொள்ளாமல் அப்படி ஒரு சத்தத்துக்குள் படுக்க வைக்கக்கூடாது என்பது அவருடைய வழக்கம். நாங்கள் ரேடியோவில் போட்டோம். டக் டக் டக், பிறகு ட்ரூ ட்ரூ என்று ஒரே அடி. எனக்குப் பழக்கமான சத்தம்தான், பட்டறையில் ரிவெட் அடிக்கிற மாதிரி. பெரியவனும் நடுவுள்ளவளும் அதற்கு ஆடினார்கள். பக்கத்து குவாட்டர்ஸ் ஆன்டி வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்ன அண்ணே, வீட்டுக்குள்ளயே ரோடு போடுறீங்களா?" என்று கேட்டார். அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். அந்தக் கேசட்டைச் சோறு வடிக்கும்போதுகூடப் போட்டுக் கேட்டாள். "இது எனக்கு மட்டும் கேக்கிற சத்தம் இல்லைல? எல்லாருக்கும் கேக்குதுல? அப்ப என்ன பயம்?" என்றாள்.

மெசின் அறைக்குள் இரும்பு, தங்கம், எந்த உலோகமும் ஆகாது. மோதிரம், தோடு, கொண்டை ஊசி எல்லாம் கழற்ற வேண்டும். தாலியும். பெரியம்மா இது தெரிந்ததும் தாலியை இறுகப் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் முடியாது. புருஷன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப எப்படிக் கழட்டுறது?" முதல் தடவை அம்மா வேண்டாம் என்று சொன்னது ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு முன்பே படம் எடுத்துக்கொண்ட யாரோ, நகையையெல்லாம் கழற்றச் சொன்ன கதையைப் பெஞ்சில் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். மெசினுக்கு அவள் பயப்படவில்லை. மறுபடி தாலியைக் கழற்றினாள் என்ற பேச்சுக்குத்தான் பயந்திருக்கிறாள்.

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். பாசார் சந்தையில் காய்ந்த விரலி மஞ்சள் வாங்கி வந்தாள். பருத்தி நூலை மஞ்சள் தண்ணீரில் நனைத்து உலர்த்தி, நடுவில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டி, டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். "இதுல இரும்பு இல்லை, தங்கம் இல்லை. கட்டிக்கிட்டுப் படுக்கலாமா?"

டாக்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். மெசின் ஓட்டுகிற சீனத் தம்பியைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினார். அவர் ஒரு காந்தத் துண்டைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "போலே, போலே", ஆகும் ஆகும் என்றார். அதன் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் படம் எடுக்க வந்த நம் பெண்களுக்கெல்லாம் டாக்டர் இதையே சொன்னதாகக் கேள்வி.

படம் எடுத்த நாளில் அந்த அறைக்கு வெளியே நடைபாதையில் நாங்கள் நால்வரும் நின்றோம். பச்சை ஆஸ்பத்திரி உடுப்பில் அக்காவும் தங்கையும். புதுக் கயிற்றைக் கழுத்தில் கட்டாமல் பழையதைக் கழற்றக்கூடாது. கட்டுகிறவன் புருஷனாக இருக்க வேண்டும். நான் அம்மாவுக்குக் கட்டினேன். முதல் தடவை கட்டியபோது மேளச் சத்தத்தில் அவசரமாக முடிச்சுப் போட்டது நினைவிருக்கிறது. இந்தத் தடவை சத்தமே இல்லை, மூன்று முடிச்சையும் நிதானமாகப் போட்டேன். பெரியப்பா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "மறுபடியுமா? ஒரு தடவை கட்டினதுக்கே இன்னும் அனுபவிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

"அனுபவிக்கிற மூஞ்சியைப் பாரு. முடிச்சை ஒழுங்கா போடுங்க, கப்பல் கயிறு இல்ல இது" என்றார் பெரியம்மா. அந்தப் பக்கம் தள்ளுவண்டியோடு போன மலாய் நர்ஸ் நின்று கைதட்டினார்.

அம்மா முதலில் உள்ளே போனாள். கண்ணாடி வழியாக அவள் பாதம் மட்டும் தெரிந்தது. அது அசையவே இல்லை. முடிந்து வெளியே வந்து, "தூங்கிட்டேன் போலிருக்கு" என்றாள்.

பெரியம்மாவால் முடியவில்லை. உள்ளே போனதுமே கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டார். வெளியே இழுத்தார்கள். வேர்த்துக் கொட்டியது. "பெட்டிக்குள்ள வச்சி மூடின மாதிரி இருக்கு, நான் மாட்டேன்." டாக்டர் உடனே சரி என்றார், வீட்டுக்குப் போகலாம் என்றார். அம்மாதான், "நான் உள்ள வந்து காலைப் பிடிச்சிக்கிட்டு நிக்கவாக்கா?" என்று கேட்டாள். அம்மாவின் மேல் உலோகம் ஒன்றும் இல்லாததால் டாக்டர் சம்மதித்தார். காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். அந்த டக் டக் சத்தம் முழுக்க, உங்கள் அம்மா தன் அக்காவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் பெரியப்பாவும் பார்த்தோம்.

கொஞ்ச நாளில் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். கட்டி, காயம் எதுவும் இருவருக்கும் இல்லை என்று அதற்கான டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார் என்றார். பார்க்க ஆசையா என்று கேட்டார். அக்காவிடம் தனியாக, தங்கையிடம் தனியாக, மற்றவர் முன்னால் காட்டலாமா என்று கேட்டுவிட்டு, இரண்டு படங்களையும் வெளிச்சப் பலகையில் மாட்டினார். பெயர் இருந்த மூலையில் தாள் ஒட்டியிருந்தது. உரித்த அக்ரூட் கொட்டையைக் குறுக்கே அறுத்த மாதிரி, வரிசை வரிசையாகக் கறுப்பும் வெள்ளையும். இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எது யாருடையது என்று டாக்டர் கேட்கவில்லை. பெரியப்பாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார். "ஆ, இதுதான். இதுலதான் கோளாறு இருக்கு. இங்க பாருங்க, நடுவுல கறுப்பா. மத்தது எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. நான் சொன்னேன்ல, தெரியும்னு?"

டாக்டர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா, "எடுங்க டாக்டர்" என்றார். டாக்டர் அந்தத் தாளைப் பிரித்தார்.

அது பெரியம்மாவின் படம்.

"அட, கொடுமைக்கார மனுஷா!" என்றார் பெரியம்மா. "இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டதுக்கு இதுதான் சர்ட்டிபிகேட்டா?"

"இல்ல, வெளிச்சம்… வெளிச்சம் அப்படி விழுதுடி…"

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரியம்மாவுக்கும். டாக்டரும் சிரித்துவிட்டு, "அந்தக் கறுப்பு எல்லாருக்கும் இருக்கும் அங்கிள், தண்ணி இருக்கிற இடம். உங்களுக்கும் இருக்கும். என்னிட்ட இந்த ரெண்டு படத்தையும் தந்து, ஆருக்கு வருத்தம் எண்டு கேட்டா எனக்கும் தெரியாது" என்றார்.

சிரிப்பு அடங்கியது. பெரியம்மா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணி, கண் நிறைந்துவிட்டது. உன்னைப் பிரிய மனம் இல்லாமல்தான் அவர் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. படம் கைவிட்டுவிட்டது.

"அப்ப யாரைத்தான் கேக்குறது?" என்றார். "பிள்ளையைக் குடுத்துட்டு நான் எப்படித் தூங்குவேன்? யாரைக் கேட்டா தெரியும்?"

"என்னைக் கேளுக்கா" என்றாள் அம்மா.

பெரியம்மா திரும்பி அவளைப் பார்த்தார். அக்காவும் தங்கையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே ரொம்ப நாளாகியிருந்தது.

"உன்னால முடியுமா?"

"முக்கால்வாசி நாள் முடியும். முடியாத நாள் வந்தா எனக்கே தெரியும், தூக்கம் கெடும். அன்னிக்கே போன் போட்டுச் சொல்றேன். நீ வந்துடு."

"மறைக்க மாட்டியே?"

"நீ பயந்து ஓட மாட்டன்னா மறைக்க மாட்டேன்."

பெரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பிரிக்பீல்ட்ஸ்லயே பதிஞ்சிடுங்க" என்றார். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை.

நீ உடனே வந்துவிடவில்லை, அதுவும் உனக்குத் தெரிய வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை உன் துணிகளோடு கொண்டுவந்தார்கள். நீ வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கிள்ளானுக்குப் போகணும் என்று அழுதாய். நான் தூக்கி உள்ளே கொண்டுபோகப் பார்த்தேன். அம்மா விடவில்லை. குனிந்து உன்னிடம், "இன்னிக்கு இங்க படுத்துக்கிறியா, இல்ல கிள்ளானுக்குப் போறியா?" என்று கேட்டாள். கிள்ளானுக்கு என்றாய். "சரி" என்று செருப்பை மாட்டிவிட்டாள். நீ வண்டியில் ஏறிப் போன பிறகு அரிசி களைந்துகொண்டே அழுதாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. பிறகு ஒரு ஞாயிறு, அக்காவோடு கேரம் ஆடிக்கொண்டிருந்த நீ, பெரியப்பா ஹாரன் அடித்தபோது எழுந்து வரவே இல்லை. அன்றைக்குத்தான் பீரோவிலிருந்த நீலத் துணி தையல்காரரிடம் போனது.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகவே போனது என்று எழுதினால் அம்மா இந்தத் தாளைக் கிழித்துவிடுவாள். நடுவில் இரண்டொரு தடவை தூக்கம் கெட்டது. சொன்ன மாதிரியே போன் போட்டாள். பெரியம்மாவும் சொன்ன மாதிரியே அதே பிளாஸ்டிக் கூடையோடு கிள்ளான் ரயிலில் வந்து இறங்கினார். வந்து சமைத்தார், உங்களோடு இருந்தார், தங்கைக்கு நல்லானதும் கிளம்பிப் போனார். உன்னைக் கூட்டிப்போகிறேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

டாக்டரின் ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று கேட்பாய். அம்மா அதற்குப் பிறகும் கூப்பிட்டபோதெல்லாம் போய்ப் படுத்தாள், தானே விரும்பி. ஒருதடவை நான் கேட்டேன். "டாக்டர், கடைசியில என்னதான் கண்டுபிடிச்சீங்க?" அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "சின்னச் சின்ன வித்தியாசம் தெரியுது அண்ணே. அது ஏன் வருது, அதை வைச்சு என்ன செய்யலாமெண்டு இன்னும் தெரியேல்லை." அவ்வளவு படித்தவர் ஒரு பட்டறைக்காரனிடம் தெரியவில்லை என்று வெட்கப்படாமல் சொன்னார். பூசாரிக்குத் தெரிந்திருந்தது, சொந்தக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது, பெரியப்பாவுக்குக் கண்ணாடியைப் போட்டவுடனே தெரிந்தது. தெரியாது என்று அவர் சொன்னதால்தான் உங்கள் அம்மாவின் பேச்சுக்கு இடம் கிடைத்தது. அவர் பிறகு வேறு ஊருக்கு வேலையாகப் போய்விட்டார். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். சாமி கும்பிடும்போது உங்கள் மூன்று பேருக்கும் பிறகு நான் சொல்லும் பெயர் அவருடையது.

நீ ஒன்றாம் வகுப்புக்குப் போன முதல் நாள், பெரியம்மா காலையிலேயே கிள்ளானிலிருந்து வந்துவிட்டார். அம்மா உனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மாத்திரையால் அவளுக்கு விரல் கொஞ்சம் நடுங்கும். வகிடு ஆறு மாதிரி வளைந்து போனது, ஒரு பின்னல் மேலே, ஒரு பின்னல் கீழே. பெரியம்மாவுக்குக் கை துறுதுறுத்தது. அவர் பின்னினால் அளவெடுத்த மாதிரி இருக்கும் என்று உனக்கே தெரியும். சீப்பை எடுத்துக்கொண்டு, "வாடி தங்கம், அவுத்துட்டு நான் போட்டு விடுறேன்" என்றார்.

நீ இரண்டு பின்னலையும் கையால் பொத்திக்கொண்டாய்.

"வேணாம் பெரியம்மா. அம்மா போட்டது."

கிள்ளான் அம்மா என்று நீ சொல்லவில்லை, பிரிக்பீல்ட்ஸ் அம்மா என்றும் சொல்லவில்லை. பெரியம்மா சீப்பை மேசையில் வைத்தார். ரிப்பனை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சரி செய்துவிட்டு, "ஆமா, நல்லாத்தான் இருக்கு. நேரமாகுது, கிளம்புங்க" என்றார். நீயும் அம்மாவும் முன்னால் நடந்தீர்கள். நான் பெரியம்மாவுக்குக் கோப்பி கலக்க உள்ளே போனேன்.